மார்கழி யாருடைய மாதம்?

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் பிறந்ததும் செய்தித்தாள்களில் கச்சேரிப் பட்டியல் வந்துவிடும். எந்த சபாவில் யார் பாடுகிறார், யார் வயலின், யார் மிருதங்கம், எந்த கேன்டீனில் என்ன பலகாரம் என்பது வரை அதில் இருக்கும். மயிலாப்பூர், தியாகராய நகர், ஆழ்வார்பேட்டை, அடையாறு, திருவான்மியூர் என்று இடங்களின் பெயர்கள் நீளும். நான் வாழும் கல்மண்டபத்தின் பெயரை அந்தப் பட்டியலில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பெயரிலேயே மண்டபத்தை வைத்திருக்கும் பகுதிக்கு சீசனில் ஒரு மண்டபம் கிடையாது.

நமக்கும் ஒரு டிசம்பர் உண்டு. டிசம்பர் 6, 1956, அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள். டிசம்பர் 25, 1927, மகாடில் அண்ணல் மனுஸ்மிருதியை எரித்த நாள். டிசம்பர் 25, 1968, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேர் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்ட நாள். இந்த நாட்களில் சேரிகளில் மெழுகுவத்தி எரிகிறது, பறை ஒலிக்கிறது, பாட்டு கேட்கிறது. ஆனால் அதை யாரும் சீசன் என்று சொல்வதில்லை.

ஒரே நகரம், ஒரே மாதம், இரண்டு காலண்டர். இது எப்படி வந்தது? இயற்கையாக வந்ததா, யாராவது உண்டாக்கியதா? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் அடையாற்றில் இருக்கும் ஒரு பழைய வளாகத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வளாகத்தின் கதையில் நாமும் இருக்கிறோம், நம் பெயர்தான் இல்லை.

சீசன் பிறந்த வாரம்

மார்கழி இசைவிழா ஆயிரம் ஆண்டு மரபு என்று பலர் நினைக்கிறார்கள். மார்கழியில் பாவை பாடுவது பழைய வழக்கம்தான். சபா, டிக்கெட், மைக், விமர்சனம், பட்டம் என்று இன்று நாம் பார்க்கும் சீசனுக்கு வயது நூறு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதை ஒட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அங்கே பிறந்த யோசனைதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18ஆம் தேதி எஸ்பிளனேடில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் அது தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பிறகுதான் டிசம்பர் விழா ஆண்டு வழக்கமானது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த எஸ்பிளனேடு வடசென்னையின் வாசல். பாரிமுனையைத் தாண்டினால் ராயபுரம். சீசன் பிறந்தது நம் பக்கத்து வீட்டில் என்றே சொல்லலாம். அதற்கும் முன்னால், தியாகராஜர் வந்து பாடிய திருவொற்றியூர் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. வடக்கில் இசை இல்லை என்பதால் சீசன் தெற்கே போகவில்லை. ஆதரித்தவர்கள் தெற்கே குடியேறினார்கள், சபாக்களும் அவர்கள் பின்னாலேயே போயின. 1962இல் அகாடமிக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது ராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் இடைப்பட்ட பகுதியில்.

இரண்டாவது, தேதி. சென்னையில் தேசத் தலைவர்கள் கூடி இசையின் மேன்மையைப் பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான், டிசம்பர் 25 அன்று, மகாடில் அண்ணல் மனுஸ்மிருதிக்குத் தீ வைத்தார். பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தின் தொடர்ச்சி அது. நம் இரண்டு காலண்டர்களும் ஒரே வாரத்தில் பிறந்திருக்கின்றன. ஒன்றுக்கு மண்டபம் கிடைத்தது. மற்றொன்றுக்கு வழக்கும் தடையுத்தரவும் கிடைத்தன.

அடையாறு வளாகத்தின் முதல் பள்ளி

இப்போது அடையாற்றுக்கு வருவோம். பிரம்மஞான சபை 1882இல் தன் தலைமையிடத்தை ஆற்றின் தென்கரைக்குக் கொண்டுவந்தது. 27 ஏக்கரில் தொடங்கிய தோட்டம் பின்னர் 250 ஏக்கருக்கு மேல் விரிந்தது. பெரிய ஆலமரமும் நூலகமும் கடற்கரையும் உள்ள அந்த வளாகத்தில் ஆண்டுதோறும் டிசம்பரில் உலக நாடுகளின் உறுப்பினர்கள் கூடும் மாநாடு நடக்கும். டிசம்பரில் கூடுவது சென்னைக்குப் பழக்கமானதில் இந்த வளாகத்துக்கும் பங்கு உண்டு.

1894இல் சபையின் தலைவர் கர்னல் ஓல்காட் அந்த வளாகத்தை ஒட்டிய ஊரூரில் 'பஞ்சமர்' பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் பகுதிகளிலும் இப்படிப்பட்ட பள்ளிகள் வந்தன. மயிலாப்பூர் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் வைக்கப்பட்டது. வேறு பள்ளிகளின் திண்ணையில்கூட நம் பிள்ளைகளை ஏற்றாத காலம் அது. ஓல்காட் செய்ததன் மதிப்பைக் குறைத்துப் பேச வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஆனால் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்லும் விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார், இரக்கப்பட்டார், பள்ளி கொடுத்தார் என்று சொல்கிறார்கள். 1894க்கு முந்தைய மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். 1891 டிசம்பர் 1ஆம் தேதி நீலகிரியில் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைக் கூட்டி, கல்வி உள்ளிட்ட பத்துக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றினார். அதுவும் டிசம்பர்தான். அதே ஆண்டில் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. 1893இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். மக்கள் கேட்டார்கள், எழுதினார்கள், மனு கொடுத்தார்கள். அந்தக் குரல் எழுந்த பிறகுதான் பள்ளிகள் வந்தன.

1898இல் நடந்ததும் அப்படித்தான். பண்டிதரும் அவருடைய தோழர்களும் தாங்களே ஓல்காட்டிடம் போனார்கள். நாங்கள் பூர்வ பௌத்தர்கள், எங்கள் மார்க்கத்துக்குத் திரும்ப உதவுங்கள் என்று கேட்டார்கள். கொழும்புக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றார்கள். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்கள். அடையாறு வளாகம் நம்மைக் கண்டுபிடிக்கவில்லை. நாம்தான் நம் தேவைக்காக அதன் கதவைத் தட்டினோம்.

1907இல் ஓல்காட் இறந்தார், அன்னி பெசன்ட் தலைவரானார். 1909இல் அவர் ஒரு பத்திரிகையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது, தலைமுறை தலைமுறையான உணவும் பழக்கமும் இவர்கள் உடம்பில் ஏறியிருக்கிறது, முதலில் சுத்தத்தைக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். அண்ணல் அம்பேத்கர் 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில் இந்தக் கட்டுரையை விரிவாக எடுத்துப் போட்டிருக்கிறார். ஒரே வளாகத்தில் ஒரு கை பள்ளி கட்டியது, இன்னொரு கை பெஞ்சுக்கு நடுவில் கோடு போட்டது. சுத்தம் என்ற சொல்லை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நாட்டியத்தைப் பற்றிப் பேசும்போது அது திரும்பி வரும்.

1935 டிசம்பர்

பிரம்மஞான சபையின் வைர விழா மாநாடு 1935 டிசம்பரில் அடையாற்றில் நடந்தது. அந்த மேடையில் ருக்மிணி தேவி அருண்டேல் முதன்முதலாகப் பொதுமக்கள் முன்னால் நாட்டியம் ஆடினார். பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், அதுவரை பெரும்பாலும் தேவதாசி மரபினர் ஆடிவந்த சதிரை ஆடியது அன்றைக்குப் பெரிய துணிச்சல். மறுமாதமே, 1936 ஜனவரியில், அதே வளாகத்தில் ஒரு கலை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுதான் கலாக்ஷேத்ரா. பிறகு திருவான்மியூரில் நூறு ஏக்கர் அளவிலான தனி வளாகத்துக்கு மாறியது. இன்றும் டிசம்பர் கடைசியில் அங்கே விழா நடக்கிறது. வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள், மரத்தடியில் கோலம் போடுகிறார்கள், கூத்தம்பலத்தில் நாட்டிய நாடகம் நடக்கிறது.

ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? கபாலீஸ்வரர் கோயில் மரபில் வந்த மயிலாப்பூர் கௌரி அம்மாள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. வித்தை அந்த மரபிலிருந்துதான் வந்தது. அதை வளாகத்துக்குள் கொண்டுவந்தபோது, சிருங்காரம் குறைக்கப்பட்டது, உடை மாற்றப்பட்டது, பக்தி முன்னே நிறுத்தப்பட்டது. கலையைத் தூய்மைப்படுத்தினோம் என்று சொன்னார்கள். பாலசரஸ்வதி தன் வாழ்நாள் முழுக்க இதை ஏற்கவில்லை. சிருங்காரத்தில் அசுத்தம் எதுவும் இல்லை என்பது அவர் நிலை. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நியாயம்தான், நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் நாட்டியம் மேடையில் மதிப்பு பெற்ற அதே காலத்தில் அதைக் காப்பாற்றிவந்த பெண்கள் மேடையிலிருந்து இறங்கினார்கள். ஆட்டம் ஏறியது, ஆடியவர்கள் இறங்கினார்கள்.

இசை வேளாளர்களும் தேவதாசி மரபினரும் தலித்துகள் அல்லர். அவர்கள் கதையை நம் கதையாக்கிக்கொள்ளக் கூடாது. ஆனால் சுத்தம் என்ற பெயரில் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதை அவர்கள் கதை நமக்குக் காட்டுகிறது. வித்தையை வாங்கிக்கொள்வார்கள், வித்தைக்காரரை வாசலில் நிறுத்துவார்கள். ஊரூர்ப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கும் நாட்டிய மேடைக்கும் நடுவில் இருக்கும் உறவு இதுதான்.

கன்றின் தோலும் கலையரங்கமும்

நம் கதை நேரடியாக வருவது மிருதங்கத்தில். கச்சேரி மேடையில் எந்தக் கருவியும் மிருதங்கம் இல்லாமல் நிமிராது. அந்த மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்று இரண்டு முகம். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் அதில் இருக்கிறது. இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோல். வலந்தலையில் ஒலிக்கும் கருப்பு வட்டம் கல்பொடியும் சோற்றுப் பசையும் குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. தோலைத் தேர்ந்தெடுப்பது, ஊறவைப்பது, மயிர் நீக்குவது, வெட்டுவது, மூட்டுவது எல்லாம் கைவேலை. எந்த மாட்டின் தோல் எந்தச் சுருதிக்கு நிற்கும் என்பது மூக்காலும் விரலாலும் அறிய வேண்டிய விஷயம். இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களில் பலர் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தை உலகமே புகழ்ந்தது. அந்த நாதத்துக்காக அவரோடு பல ஆண்டுகள் உழைத்த பர்லாந்தின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்?

டி.எம். கிருஷ்ணா இந்தக் குடும்பங்களைத் தேடிப்போய் எழுதிய நூல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'. 2020 பிப்ரவரி தொடக்கத்தில் அதன் வெளியீட்டு விழா கலாக்ஷேத்ராவின் ருக்மிணி அரங்கத்தில் நடக்க இருந்தது. அனுமதியும் கிடைத்திருந்தது. நூலின் ஒரு பகுதி நாளிதழில் வெளியானது. பசுத் தோலைப் பற்றியும் அதை வாசிப்பவர்களின் சாதியைப் பற்றியும் அதில் பேசப்பட்டிருந்தது. விழாவுக்குச் சில நாட்களே இருந்த நிலையில் கலாக்ஷேத்ரா அனுமதியைத் திரும்பப் பெற்றது. சமூக ஒற்றுமையைக் குலைக்கக்கூடிய நிகழ்ச்சிக்கு ஓர் அரசு நிறுவனம் இடம் கொடுக்க முடியாது என்று காரணம் சொல்லப்பட்டது. விழா தரமணியில் உள்ள ஊடகக் கல்லூரிக்கு மாறியது. ராஜ்மோகன் காந்தியும் தோழர் தொல். திருமாவளவனும் அதில் கலந்துகொண்டார்கள்.

இதில் இருக்கும் முரணைப் பாருங்கள். கலாக்ஷேத்ரா 1993ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். அதாவது நம் வரிப்பணத்தில் நடப்பது. அந்த அரங்கத்துக்குள் தினமும் மிருதங்கம் போகிறது. தோல் உள்ளே போகலாம். தோலைப் பதப்படுத்தியவரைப் பற்றிய புத்தகம் உள்ளே போகக் கூடாது. ஒற்றுமை கெட்டுவிடுமாம். கன்றின் தோல் மேடையில் கிடக்கும்போது கெடாத ஒற்றுமை, அதைக் கிழித்து மூட்டியவரின் பெயரைச் சொன்னால் கெடுகிறது என்றால், அந்த ஒற்றுமை யாருடைய மௌனத்தின் மேல் கட்டப்பட்டது?

நாம் உண்டாக்கிய விழாக்கள்

இதைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. காலண்டரை அவர்கள் உண்டாக்கினார்கள் என்றால் நாமும் உண்டாக்கலாம். உண்டாக்கியும் இருக்கிறோம்.

1990களில் மதுரை அரசரடியில் உள்ள இறையியல் கல்லூரி வளாகத்தில் தலித் ஆதார மையம் கலைவிழாக்கள் நடத்தியது. பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு அங்கே நாட்டுப்புற மெட்டில் விடுதலைப் பாட்டுகளைக் கட்டினார். அதுவும் ஒரு பழைய வளாகம்தான். அதன் வாசல் பறைக்குத் திறந்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. பெண் தொடக் கூடாது என்று சொல்லப்பட்ட கருவி அது.

அதே காலத்தில் இன்னொரு குரலும் எழுந்தது. சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய வேலை, அதை விட்டொழியுங்கள் என்று பல கிராமங்களில் நம் இளைஞர்கள் பறையை இறக்கிவைத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், ஊர் விலக்கத்தைச் சந்தித்தார்கள். இன்று மேடையில் பறை முழங்கும்போது கைதட்டுகிற நாம் இவர்களை மறந்துவிடக் கூடாது. பறையைக் கையில் எடுப்பதும் உரிமை, அடிக்க மாட்டேன் என்று சொல்வதும் உரிமை. கூப்பிட்ட நேரத்துக்கு வந்து அடித்துவிட்டுப் போ என்று சொல்லும் மேடை, அது எவ்வளவு வெளிச்சமான மேடையாக இருந்தாலும், பழைய ஊர்த் தெருதான்.

2007இல் சென்னை சங்கமம் வந்தது. பூங்காவிலும் தெருவிலும் நாட்டுப்புறக் கலைகள் நடந்தன. ஆட்சி மாறியதும் அது நின்றது, 2023இல் மீண்டும் வந்தது. ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகும் விழாவில் கலைஞரின் அடுத்த ஆண்டு வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2015இல் பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கியது. டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்தினார்கள். கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் வந்தன. மீனவர்களும் தலித்துகளும் ஒன்றல்ல, இருவருக்கும் இடையில் தீர்க்க வேண்டிய கணக்குகள் உண்டு. ஆனால் அந்த இடத்தின் பெயரைக் கவனியுங்கள். ஊரூர், ஆல்காட். 1894இல் பள்ளி வந்த அதே ஊர், பள்ளி தந்தவரின் அதே பெயர். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் வளாகம் வளாகமாகவே இருந்தது, குப்பம் குப்பமாகவே இருந்தது. நடுவில் இருக்கும் தூரம் மிகக் குறைவு.

நம் சொந்த முயற்சி 2018இல் பெரிய வடிவம் எடுத்தது. அந்த ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரியை நடத்தியது. சாதியற்றவர்கள் என்ற அந்தப் பெயர் பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து வந்தது. 1898இல் அடையாற்றின் கதவைத் தட்டியவர், 120 ஆண்டுகள் கழித்து ஒரு இசைக்குழுவின் பெயரில் மேடை ஏறினார். அதே ஆண்டு டிசம்பர் கடைசி மூன்று நாட்கள் நீலம் பண்பாட்டு மையம் மயிலாப்பூரில் ஒரு பள்ளி வளாகத்தில் வானம் கலைத் திருவிழாவை நடத்தியது. சீசன் நடக்கும் நாட்களில், சீசன் நடக்கும் பகுதியிலேயே. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. கானா, ஒப்பாரி, பறை, ராப் எல்லாம் மார்கழிக்குள் வந்தன. மார்கழி என்ற சொல்லை யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் அதன் முக்கியமான அரசியல்.

மீண்டும் ராயபுரம்

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த இசைவாணியை 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. ஆண்களின் இடமாகவே இருந்த கானாவைப் பாடி மேலே வந்தவர் அவர். கானா எங்கே வளர்ந்தது? எங்கள் தெருக்களில் சாவு விழுந்த வீட்டு வாசலில், ஷாமியானாவுக்குக் கீழே, விடிய விடிய. பிணத்தைத் தனியாக விடக் கூடாது என்பதற்காகவும், இழந்தவரைத் தூங்கவிடாமல் தேற்றுவதற்காகவும் பாடிய பாட்டு அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ஆலையில் ஷிப்டு பார்த்தவர், குப்பை அள்ளியவர் என்று ஒவ்வொரு சாவுக்கும் அவருடைய வாழ்க்கை வரலாறு பாட்டாகப் பாடப்பட்டது. வடசென்னை உழைப்பாளியின் வரலாறு எழுதப்படாமல் பாடப்பட்டது. அதற்கு அரங்கம் கட்டணும் என்று எந்த அரசுக்கும் தோன்றவில்லை.

2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் கொட்டப்படும் சாம்பலைப் பற்றிய புறம்போக்குப் பாட்டை டி.எம். கிருஷ்ணா அங்கேயே நின்று பாடினார். நல்ல காரியம். எண்ணூரின் துயரம் கர்நாடக ராகத்தில் கச்சேரி மேடைக்குப் போனது. ஆனால் எண்ணூர்க்காரர் பாடகராக அந்த மேடைக்குப் போகும் வழி இன்னும் திறக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது என்ன? எங்களையும் உங்கள் சீசனில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கெஞ்சல் இல்லை. தொடக்க நிகழ்ச்சியில் பத்து நிமிடம் பறை அடித்துவிட்டு, முக்கிய விருந்தினர் வந்ததும் இறங்கிவிடும் வரவேற்பு வேலையும் வேண்டாம். கேட்பவை எளிமையானவை.

அழைப்பிதழில் மிருதங்க வித்துவானின் பெயருக்குக் கீழே மிருதங்கம் செய்தவரின் பெயரும் வரட்டும். அவர் உழைப்புக்கு உரிய கூலியும் அவர் பிள்ளைகளுக்கு இசைக் கல்லூரியில் இடமும் கிடைக்கட்டும். பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு கலை வளாகமும் யாருக்கு அரங்கம் கொடுக்கிறது, யாருக்கு மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்பதை எழுத்தில் வெளியிடட்டும். அரங்கம் நிர்வாகியின் கருணையால் கிடைப்பதாக இருக்கக் கூடாது, விதிப்படி கிடைக்க வேண்டும்.

வடசென்னையில் ஒரு கலை வளாகம் வேண்டும். இடம் இல்லை என்று சொல்ல முடியாது. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். அதைச் சுற்றி ரயில்வேக்குச் சொந்தமான நிலம் இருக்கிறது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெரிய அரசியலுக்கு இடம் கொடுத்த மண் கானாவுக்கும் இடம் கொடுக்கும். ஒரு மேடை, பயிற்சிக்கு நாலு அறை, பாட்டுகளைப் பதிவு செய்து வைக்க ஓர் ஆவணக் கூடம், தோல் கருவி செய்பவர்களுக்கு ஒரு பட்டறை. தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

அந்த வளாகத்துக்கு ஒரு சீசனும் இருக்கும். டிசம்பர் 6ஆம் தேதி தொடங்கி 25ஆம் தேதி முடியும். முதல் நாள் அண்ணலுக்கு. கடைசி நாள் மகாடுக்கும் வெண்மணிக்கும். நடுவில் இருக்கும் நாட்களில் யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம், மயிலாப்பூரிலிருந்து வருகிறவர்களும்தான். வாசலில் யாரையும் நிறுத்தி நீ சுத்தமா என்று நாம் கேட்கப்போவதில்லை.

ஜெய்பீம்.